நகையும் வெகுளியும்: ஆங்கிலம் வல்லாரை அலைக்கும் ஜேர்மன் சொற்கள்

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர் நகையை முதற்கண் வைத்தார். வெகுளியை ஏழாவதாக வைத்தார். நகை பிறத்தற்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை எடுத்தோதினார். பிறமொழி கற்கப் புகுவார் இவ்விரு மெய்ப்பாடுகளையும் ஒரே நாளிற் பலமுறை எய்துவர். புதிய சொல்லொன்று செவியில் விழுந்ததும் நகைப்பர். அச்சொல்லைத் தாம் பிழைபட வழங்கப் பிறர் நகைக்குங்கால் வெகுள்வர். எம்மொழி கற்பார்க்கும் இது பொதுவேயாயினும், ஆங்கிலம் அறிந்தார் ஜேர்மன் மொழியைக் கற்குமிடத்து மிகுதியாக நிகழ்கின்றது. அதன் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1983ஆம் ஆண்டின் பின்னர் எம்மவருட் பல்லாயிரவர் ஜேர்மனி, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் குடியேறினர். கல்லூரியிற் கற்ற ஆங்கிலத்தையே முதற்றுணையாகக் கொண்டு அங்குச் சென்ற பழைய மாணவரும் உளர். அத்துணை எவ்விடத்துக் கைகொடுக்கும், எவ்விடத்துக் கைவிடும் என்பதை அறிதல் அவர்க்கும் அவர் மக்கட்கும் பயன்றரும் என்பது எமது துணிபு.

1. ஒரு குடிப்பிறந்த இரு மொழிகள்

ஆங்கிலமும் ஜேர்மனும் ஒரு தாய்வயிற்றுப் பிறந்தவை. கை, விரல், காற்று, பொன் என்பவற்றைக் குறிக்கும் சொற்கள் எழுத்தளவில் இரு மொழிக்கும் ஒன்றே. ஏனைய பல சொற்கள் ஒலியளவிற் சிறிது திரிந்தன. அத்திரிபு மனம் போனவாறு நிகழ்ந்ததன்று, விதிக்கு உட்பட்டது. யாக்கோப் கிறிம் என்னும் ஜேர்மானியப் பேரறிஞர் 1822இல் வெளியிட்ட தம் இலக்கண நூலின் இரண்டாம் பதிப்பில் இத்தகைய ஒலித்திரிபுகளை முறைப்படுத்திக் காட்டினார். சிறுவர் கதைகளைத் தம் தம்பியோடு சேர்ந்து தொகுத்த கிறிம் என்பாரும் இவரே.

விதிகளுட் சிலவற்றைக் காண்பாம். ஆங்கிலத்திற் கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' ஜேர்மனில் 'ஷிஃப்' ஆயிற்று. நீரைக் குறிக்கும் 'வோட்டர்', 'வஸ்ஸர்' ஆயிற்று. நூலைக் குறிக்கும் 'புக்', 'பூஹ்' ஆயிற்று. இனி, ஆங்கிலத்துத் தகரவொலி ஜேர்மனில் டகரமாகும். மூன்று என்னும் 'திறீ', 'டிரை' எனவும், பொருள் என்னும் 'திங்', 'டிங்' எனவும் நிற்றல் காண்க.

இவ்விதியை அறியாதாரே முதற்கண் நகைப்பவர். குளித்தலைக் குறிக்கும் ஆங்கிலப் 'பாத்' மேற்கூறிய விதிப்படி ஜேர்மனிற் 'பாட்' ஆகும். மருந்து நீரூற்றுக்களாற் புகழ்பெற்ற ஊர்கள் பாட் ஹொம்பூர்க், பாட் கிஸ்ஸிங்கன் எனப் பெயர் பெற்றமை இதனாலாம். ஆங்கிலம் அறிந்தான் ஒருவன் அப்பலகையைப் படித்து, 'ஊரவர் தம் ஊரைத் தாமே கெட்டவூர் என்கின்றனரே' என்று நகைப்பன். தடிப்பைக் குறிக்கும் ஆங்கிலத் 'திக்' அவ்வாறே 'டிக்' ஆகும். றிச்சாட் என்னும் பெயருடையாரை ஆங்கிலேயர் அன்புடன் அழைக்கும் பெயரும் அதுவாகலின், 'இப்பையன் டிக்' என ஜேர்மானியர் சொல்லக் கேட்டால் பெயரைச் சொன்னாரென்று கொள்வன்; அவர் கூறியது பருமனையேயாம். ஈண்டு நகைப்புக்கு இடனாயது சொல்லன்று, உறவை அறியாமையே.

2. பொய்ந்நண்பர்

உருவம் ஒத்துப் பொருள் வேறுபடுஞ் சொற்களை மொழியாசிரியர் 'பொய்ந்நண்பர்' என்பர். 1928இற் பிரான்சிய ஆசிரியர் இருவர் தம் நூலுக்கு இட்ட பெயரிலிருந்து இவ்வழக்குப் பரவியது. எமக்கு அணித்தான மொழியிலும் இத்தகையோர் உளர். 'சம்சாரம்' என்பது தமிழ்ப் பேச்சுவழக்கில் மனைவியையும், மலையாளத்திற் பேச்சினையும் குறித்தல் ஓர் எடுத்துக்காட்டு.

ஜேர்மன் மொழியிலுள்ள பொய்ந்நண்பருட் கொடியது 'கிஃப்ட்' என்னுஞ் சொல். ஆங்கிலத்தில் இது நன்கொடை, ஜேர்மனில் நஞ்சு. அங்காடியிலே புட்டியொன்றின் மேல் இச்சொல்லைக் கண்டு, விலையின்றிக் கொடுக்கப்படுவதென எண்ணி எடுப்பானாயின் விளைவு யாதாகும்? சொல்வரலாறு இதனினும் சுவையுடையது. கொடுத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த இச்சொல் ஜேர்மனிலும் முன்னர்க் கொடையையே குறித்தது. மருந்தின் ஒரு வேளை அளவைக் 'கொடுக்கப்பட்டது' எனக் கிரேக்கரும் உரோமரும் வழங்கியதைப் பின்பற்றி, நஞ்சென வாய்விட்டுக் கூறாது 'கொடுக்கப்பட்டது' என மறைத்துக் கூறினர். நாளடைவில் மறைப்பே பெயராயிற்று. நன்னூலார் தகுதிவழக்கினுள் வைத்த மங்கலம் என்பது இதுவேயன்றோ? நஞ்சுடைய நாகத்தை நாமும் 'நல்ல பாம்பு' என்கின்றோம். பழைய பொருள் முற்றும் அழிந்ததுமன்று. மணமகள் கொண்டுவரும் சீதனத்தை ஜேர்மானியர் 'மிட்கிஃப்ட்' என்பர். அங்கு அது கொடையே. சீதனம் ஈற்றில் நஞ்சாவதும் உண்டு என்பார்க்கு நாம் மறுமொழி கூறோம்.

ஒரு சொல்லே ஒரு நாட்டில் உயர்ந்து மற்றொரு நாட்டில் தாழ்ந்ததும் உண்டு. ஆங்கிலத்தில் 'நைட்' என்பது அரசனாற் பட்டஞ் சூட்டப்பெற்ற வீரன். அதன் உடன்பிறந்த ஜேர்மன் 'க்னெஹ்ட்' ஏவலாள். முன்னோர் வழக்கில் இரண்டும் இளைஞன் என்னும் பொருளினவே. விலங்கினம் அனைத்தையும் ஜேர்மானியர் 'டீர்' என்ப. அதே சொல் ஆங்கிலத்தில் மானினத்துக்கே உரியதாகச் சுருங்கிற்று. நறுமணத்துக்குரியதாயிருந்த 'நாற்றம்' இக்காலத்துத் தீய மணத்தைக் குறிப்பதைக் கண்ட தமிழ் மாணவர்க்கு இவை வியப்பல்ல.

வாழ்க்கையை நேராகத் தாக்குவன சில சொற்கள் உள. அவற்றை விரித்துக் கூறுதல் வேண்டும்.

'ஷெஃப்' என்பது ஆங்கிலேயர்க்குச் சமையற்றலைவன். ஜேர்மானியர்க்கு எத்தொழிலகத்திலும் மேலாளன். உணவகத்தில் வேலைக்குச் சென்ற இளைஞன் ஒருவனை 'ஷெஃபைச் சென்று காண்' என்று அனுப்பினால், அவன் அடுக்களைக்குட் செல்வன். உரிமையாளரோ வாயிலறையிற் காத்திருப்பர்.

'ஏவென்றுவெல்' என்பது 'ஒருவேளை' எனப் பொருள்படும். இதனை ஒத்த ஆங்கிலச் சொல்லோ 'ஈற்றில் உறுதியாக நிகழும்' என்னுங் கருத்தினது. அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில் இச்சொல்லைக் கண்டு, வேண்டுகோள் ஈற்றில் நிறைவேறுமென ஆறியிருப்பவன், ஐயத்தை வாக்குறுதியாகக் கொண்டவனாவன்.

'இஹ் வில்' என்பது 'நான் விரும்புகின்றேன்' எனப்படும். ஆங்கிலத்தில் எதிர்காலங் காட்டும் அதே உருவம் ஜேர்மனில் விருப்பினைக் காட்டும். 'பெகொம்மன்' என்பது பெறுதல்; அதை ஒத்த ஆங்கிலச் சொல் ஆதல். ஆதலின், ஆங்கிலம் பேசப் புகுந்த ஜேர்மானியன், 'எனக்கு ஒரு கிழங்குக் கறி வேண்டும்' எனக் கருதி, 'நான் ஒரு கிழங்குக் கறி ஆகின்றேன்' என்று உணவகத்திற் சொல்லிவிடுதல் கூடும். நகை ஒரு பக்கத்தார்க்கே உரியதன்று என்பதற்கு இது சான்று.

இவையனைத்தினும் பெரிது 'கிம்னாசியும்' என்பது. ஆங்கிலம் அறிந்த தந்தைக்கு இது உடற்பயிற்சிக் கூடம். ஜேர்மனியிலோ இது பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்யும் உயர்தரப் பாடசாலை. அந்நாட்டு மாநிலங்கள் பெரும்பாலனவற்றில், நான்கு ஆண்டுத் தொடக்கக் கல்வி முடிந்ததும் பிள்ளை எவ்வகைப் பாடசாலைக்குச் செல்லும் என்பது முடிவு செய்யப்படும். ஆசிரியர் இச்சொல்லைக் கூறுங்கால், 'என் பிள்ளைக்கு விளையாட்டு வேண்டா, படிப்பே வேண்டும்' என்று தந்தை தலையசைத்து மறுப்பாராயின், அவர் மறுத்தது தாம் வேண்டியதையே. மூலச்சொல் கிரேக்கம். அந்நாட்டிலே உடற்பயிற்சி செய்த அவ்விடங்களிலேதான் பிளேற்றோவும் அரிஸ்ரோட்டிலும் கற்பித்தனர். ஆங்கிலேயர் உடலைக் கொண்டனர். ஜேர்மானியர் கல்வியைக் கொண்டனர்.

ஆங்கிலம் போலத் தோன்றி ஆங்கிலம் அல்லாதனவும் உள. கைத்தொலைபேசியை ஜேர்மானியர் 'ஹென்டி' என்பர். ஆங்கிலத்தில் அது 'கைக்கு உதவியான' என்னும் பெயரடையேயன்றித் தொலைபேசியைக் குறிக்கும் பெயரன்று. தம்மிடமிருந்து கடன் பெற்ற சொல்லைத் தாமே விளங்கிக்கொள்ள இயலாமை ஆங்கிலேயர்க்கு வெகுளி விளைக்கும்.

பயணத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் உண்டு. பெருந்தெருக்களில் வெளியேறும் வழிதோறும் பலகைகளில் அது எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலச் சிறுவர் செவிக்கு அது அவையிற் கூறத்தகாத வேறொன்றாய் ஒலிக்குமாதலின், அவர்தம் நகை பயண முடிவுவரை நில்லாது. அச்சொல்லை எழுதாது விடுகின்றோம். இடக்கரடக்கல் எமக்கும் உடன்பாடே.

3. நெடுந்தொகைகள்

ஜேர்மன் சொற்களின் நீளத்தைப் பழியாதார் இலர். 1829இல் நிறுவப்பெற்ற தன்யூப் ஆற்று நீராவிக் கப்பற் போக்குவரவுக் கழகத்தின் பெயர் ஜேர்மனில் 'டோனவ்டம்ப்ஷிஃபார்ட்ஸ்கெஸெல்ஷஃப்ட்' என ஒரு சொல்லாய் நிற்கும். இதனோடு கப்பற்றலைவனையும், அவன் தொப்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிச் சிறுவர் விளையாடுவர். மெக்லன்பூர்க் மேற்குப் பொமரேனியா மாநிலத்திலே மாட்டிறைச்சி பற்றிய சட்டமொன்றன் பெயர் 63 எழுத்துக்கள் கொண்ட ஒரு சொல்லாயிருந்தது. அச்சட்டம் 2013இல் நீக்கப்பட்டபோது, சட்டத்தின் உள்ளடக்கத்தை அறியாத பிறநாட்டுச் செய்தித்தாள்களும் அச்சொல்லின் மறைவுக்கு இரங்கின.

அஞ்சுவதற்கு இங்கு ஒன்றுமில்லை. அப்பெயரைப் பிரித்து மொழிபெயர்த்தால் 'மாட்டிறைச்சிப் பெயர்ச்சீட்டு மேற்பார்வைக் கடமை ஒப்படைப்புச் சட்டம்' என்றாகும். பொருள் புலால் எனினும் இலக்கணம் எமக்குப் புதிதன்று. இது தொகைநிலைத் தொடர். ஈற்றில் நிற்குஞ் சொல்லே தலைமைச்சொல். முன்னின்றன யாவும் அதனைச் சிறப்பிப்பன. ஆதலின் இறுதியிலிருந்து முன்னோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும். சட்டம், எதன் சட்டம்? ஒப்படைப்பின் சட்டம், எதன் ஒப்படைப்பு? கடமையின் ஒப்படைப்பு. இவ்வாறு செல்க. இடையிடையே பொருளின்றித் தோன்றும் ஸகரவொற்றினைக் கண்டு ஆங்கிலேயர் மயங்குவர். 'மரத்துக்கிளை' என்பதில் அத்துச் சாரியையைக் கற்ற தமிழ் மாணவன் அதுவும் சாரியை போல்வதென எளிதில் உணர்வன்.

சிறிய தொகைகள் நகைப்புக்கு உரியன. கையுறையை ஜேர்மானியர் 'கைச்சப்பாத்து' என்பர். தையற்காரர் விரலில் அணியும் கவசம் 'விரற்றொப்பி'. ஆமை 'கேடயத் தேரை'. மின்குமிழ் 'ஒளிரும் பேரிக்காய்'. மரத்திற் றொங்கும் அசையாக் கரடி 'சோம்பல் விலங்கு'. தூசுறிஞ்சும் பொறி 'தூசுறிஞ்சி'யேயாம். 'த்ஸொய்க்' என்னும் ஒரு சொல் கருவியைக் குறிக்கும். பறத்தலோடு சேர்ந்தால் விமானம், விளையாட்டோடு சேர்ந்தால் விளையாட்டுப் பொருள், தீயோடு சேர்ந்தால் தீமூட்டி.

ஆங்கிலேயர் இவற்றைக் குழந்தைப் பேச்சென்று நகைப்பர். நாம் வினாவுவது இது: குழந்தைக்கு விளங்கும் சொல் குற்றமுடையதா? ஆங்கிலம் அறிவுத்துறைச் சொற்களைக் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் கடன்கொண்டது. ஒட்சிசன் என்னுங் கிரேக்கவழிச் சொல்லின் பொருள் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்பதை ஆங்கில மாணவன் தனியே கற்றாலன்றி அறியான். ஜேர்மானியர் அதனைத் தம் மொழியில் 'புளிப்புப் பொருள்' என்றும், ஐதரசனை 'நீர்ப்பொருள்' என்றும், நைதரசனை 'மூச்சடைக்கும் பொருள்' என்றும் பெயரிட்டனர். மூச்சடைக்கும் பொருளில் விளக்கு எரியாது என்பதை அந்நாட்டுப் பிள்ளை பெயரிலேயே ஊகித்தல் கூடும். இலங்கைப் பாடநூல்களில் நாம் ஒட்சிசன், ஐதரசன் எனக் கடன்பெற்ற பெயர்களையே வழங்குகின்றோம். எது சிறந்ததென்று ஈண்டு முடிவு கூறப் புகவில்லை. ஆயின் கலைச்சொல் ஆக்குவார் ஜேர்மானியர் செய்ததை நகையாது நோக்குதல் தகும்.

4. திணையும் பாலும்

ஆங்கிலேயர் வெகுளிக்குப் பெரும் இலக்கானது ஜேர்மன் மொழியின் பாற்பாகுபாடு. உணவு மேசையிலே கரண்டி ஆண்பால், முள்ளுக்கரண்டி பெண்பால், கத்தி அலிப்பால். மரம் ஆண், அதன் மொட்டுப் பெண், அதன் இலை அலி. மார்க் டுவெயின் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1878இல் ஹைடல்பேர்க் நகரில் தங்கி இம்மொழியோடு மல்லாடினார். 1880இல் வெளியிட்ட தம் பயண நூலின் பிற்சேர்க்கையாக 'அச்சந்தரும் ஜேர்மன் மொழி' என்னுங் கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதினார். இளம்பெண்ணுக்குப் பால் இல்லை, கிழங்குக்கோ பால் உண்டு என்பது அவர் சுமத்திய குற்றங்களுள் ஒன்று.

இக்குற்றத்துக்கு விடை உண்டு. இளம்பெண்ணைக் குறிக்கும் 'மேட்ஹென்' என்பது சிறுமை காட்டும் விகுதி பெற்ற சொல். அவ்விகுதி பெற்றன யாவும் அலிப்பாலாய் முடிதல் அம்மொழி விதி. பெண்மையை மறுத்தது மொழியன்று. விகுதி தன் கடனைச் செய்தது. தமிழிலும் 'குழந்தை அழுதது' என்றே கூறுகின்றோம். மகவு, குழவி முதலியன உயர்திணைப் பொருளை உணர்த்தினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் விதித்தார். குழந்தையை நாம் இழிவாகக் கருதுகின்றோம் என்று இதனைக்கொண்டு எவரேனும் கூறின் ஏற்போமா? ஏனையவற்றுக்குக் காரணந் தேடுதல் வீண். பெயரோடு பாலுணர்த்துஞ் சொல்லையும் சேர்த்து மனனஞ் செய்தலே வழி.

5. உண்மையாகவே வெகுளி விளைப்பன

நகைக்கு இடந்தராது வெகுளியே தருவனவும் உள. அவற்றுள் தலையாயது 'உம்ஃபாரன்' என்னும் வினை. முதலசையை அழுத்திக் கூறின் 'வண்டியால் மோதி வீழ்த்து' என்பது பொருள். இரண்டாமசையை அழுத்திக் கூறின் 'மோதாமற் சுற்றிச் செல்' என்பது பொருள். எழுத்து ஒன்றே, வேறுபாடு அழுத்தத்தில். தெருவில் நிற்பவர் உயிரே இவ்வழுத்தத்திற் றங்கியுள்ளது எனலாம்.

இவ்வினையை முதற்பொருளில் வழங்குமிடத்து முன்னொட்டுத் தனியே பிரிந்து வாக்கிய ஈற்றுக்கு ஓடிவிடும். தொடங்குதல், புறப்படுதல் முதலிய பொருள்தரும் வினைகளும் இத்தன்மையனவே. வினையின் தலை வாக்கியத்தின் நடுவிலும் வால் ஈற்றிலும் கிடப்ப, இடையே நீண்ட தொடர்கள் புகும். வால் வந்து சேரும்வரை பொருள் முடியாது. ஆங்கிலேயர் பொறுமை இழப்பர். வினைமுற்றுக்காக வாக்கிய இறுதிவரை காத்திருக்கப் பழகிய தமிழர்க்கு இது அத்துணைத் துன்பமன்று.

காலங் கூறும் முறையும் மயக்குவது. 'ஹால்ப் நொயின்' என்பது சொல்லுக்குச் சொல் 'அரை ஒன்பது'. ஒன்பதை நோக்கிய மணித்தியாலத்திற் பாதி சென்றது என்னுங் கருத்தினால் இது எட்டரை மணி. பிரித்தானியர் பேச்சில் அதே தொடர் ஒன்பதரையைக் குறிக்கும். மருத்துவரிடமோ அலுவலகத்திலோ எட்டரைக்கு வரச்சொல்லப் பெற்றவன் ஒரு மணித்தியாலம் பிந்திச் சென்று, திருப்பி அனுப்பப்படுவன். எண்ணிலும் இடர் உண்டு. ஜேர்மானியர் 'பில்லியோன்' என்பது இலட்சங் கோடி; ஆங்கிலேயர் வழக்கில் அப்பெயர் நூறு கோடி. ஆங்கிலேயரும் முன்னர் இலட்சங் கோடியையே குறித்தனர். 1974இற் பிரித்தானிய அரசு நூறு கோடியென மாற்றியது. இவ்விடத்து மாறியவர் ஆங்கிலேயரே.

'டொஹ்' என்னும் இடைச்சொல் மற்றொன்று. 'நீ வரவில்லையா?' என வினாவினார்க்கு, 'ஏன் வரவில்லை? வந்தேனே' என மறுத்துடன்படும் விடை முழுவதையும் இவ்வோரசை தாங்கும். ஆங்கிலத்தில் இதற்கு நிகர் இன்மையின் ஆங்கிலேயர் இடர்ப்படுவர். 'வந்தேனே' என்பதில் தேற்றேகாரத்தின் ஆற்றலை அறிந்த தமிழர், இச்சொல்லை மொழிபெயர்க்க முயலாது செவியாற் பழகின் விரைவிற் கைவரப் பெறுவர்.

6. நகைத்தவர் கடன்கொண்டமை

ஜேர்மன் சொற்களை நகைத்த ஆங்கிலேயர் அவற்றைக் கடன்கொள்ளத் தவறினாரல்லர். பிறர் துன்பங் கண்டு மகிழ்தலைக் குறிக்கும் 'ஷாடன்ஃபிரொய்ட' என்னுஞ் சொல் ஒரு மொழியில் இருத்தலே அஞ்சத்தக்கது எனப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் றெஞ்ச் என்னும் ஆங்கிலச் சமயக்குரு வருந்தி எழுதினார். இன்று அச்சொல் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. சொல் இல்லாதிருந்த காலத்து அக்குணம் ஆங்கிலேயரிடம் இல்லாதிருந்தது என்பார் யார்?

நற்சொல்லும் கொண்டனர். ஃபிரீட்ரிஹ் ஃபுறோபெல் என்னும் ஆசிரியர் 1840இற் பாலர்க்கெனத் தாம் அமைத்த கல்விநிலையத்துக்குக் 'கின்டர்கார்ட்டன்', அஃதாவது 'பிள்ளைகள் தோட்டம்', என்று பெயரிட்டார். அவர் பணியாற்றிய ஊர் பாட் பிளாங்கன்பூர்க். கெட்டவூர் என்று நகைக்கப்படும் ஊர்களுள் அதுவும் ஒன்று. அங்குப் பிறந்த சொல் ஆங்கிலத்தின் வழியே எம் நாட்டிலும் வழங்கிற்று.

முடிவுரை

கூறியவற்றைத் தொகுத்து, கற்பார்க்குப் பயன்படுமாறு நான்கு நெறிகளாக வைக்கின்றோம். ஒன்று, ஆங்கிலத்தை ஒத்த சொல்லைக் கண்டவிடத்து மகிழ்தற்கு முன் அகராதியை நோக்குக. இரண்டு, நெடுஞ்சொல்லை ஈற்றிலிருந்து பிரித்துப் பொருள் கொள்க. மூன்று, பெயர்ச்சொல்லைப் பாலோடு சேர்த்தே மனனஞ் செய்க. நான்கு, காலம், எண், பாடசாலை, மருந்து ஆகியன பற்றிய சொல்லில் ஐயம் எழின் நாணாது வினாவித் தெளிக. இவை நான்கனுள் ஈற்றதே தலையாயது. பிழைபடப் பேசி நகைக்கப்படுதல் ஒரு கணத்தோடு போகும். வினாவாது விட்டதன் பயன் பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடுதலும் கூடும்.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்னும் ஜேர்மானியர், நாம் கூறிய வழியை எதிர்த்திசையில் நடந்தவர். தமிழ்ச் சிறுவரோடு உடனமர்ந்து மணலில் எழுத்துக்களை எழுதிக் கற்றார் என்பது அவர் வரலாற்றிற் காணப்படுவது. பத்தாண்டு கழிந்து, 1716இல், அவர் இலத்தீனில் இயற்றிய தமிழிலக்கணம் ஜேர்மனியின் ஹால்லே நகரில் அச்சேறியது. 1856இற் கிறவுல் என்பார் திருக்குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். எம் எழுத்தும் புணர்ச்சியும் அவர்தம் செவிக்கு முதனாளில் நகைதந்திருத்தல் கூடும்; அவர் நகையோடு நின்றாரல்லர்.

தொல்காப்பியர் கூறிய நான்கினுள் எள்ளலாற் பிறக்கும் நகை கல்வியைத் தடுக்கும். இளமையாற் பிறக்கும் நகை கல்வியோடு கூடி வளரும். பிறமொழி கற்கப் புகும் எம் இளைஞர் பின்னதனைக் கைக்கொள்வாராக.